மரக்கூழ்க் கழிவுநீரில் சர்க்கரை அளவீடு: புதுச்சேரி ஆய்வகம் ஒன்றின் சேவை

கடலூர் மாவட்டத்தில் சவுக்குக்குப் பஞ்சமில்லை. அந்த மரத்துண்டுகளைச் சல்பைட் என்னும் கந்தக உப்புக் கரைசலில் வேகவைத்துக் கூழைப் பிரித்தபின் மிஞ்சும் நீரை ஈஸ்ட் கொண்டு நொதிக்கவைக்க முடியுமா என்று எங்கள் கல்லூரியில் ஆராய்ந்துவருகிறோம். அந்நீரிலுள்ள சர்க்கரைகளை அளப்பதற்காகப் புதுச்சேரியிலுள்ள தனியார் ஆய்வகம் ஒன்றை நாடினோம். அங்கு நடக்கும் எச்பிஎல்சி (கலவையிலுள்ள ஒவ்வொரு சர்க்கரையையும் பிரித்து அளக்கும் முறை) சோதனையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கட்டணம் குறைந்த "மொத்தச் சர்க்கரை" சோதனைக்குச் செலவிடும் பணம் வீண்.

அந்த மலிவான சோதனை டிஎன்எஸ் என்னும் வினைபொருளைக் கொண்டு செய்யப்படுவது. சர்க்கரை அதை ஒடுக்குவதால் (எலக்ட்ரான் தருவதால்) உண்டாகும் நிறத்தை 540 நானோமீட்டரில் அளப்பார்கள். டிகாஷன் போல் கறுத்திருக்கும் இந்தக் கழிவுநீரோ தானாகவே ஒளியை உறிஞ்சுகிறது. அதை வெற்று மாதிரி வைத்துக் கழித்துவிடலாம் என்றாலும், மர நார்களைப் பிணைக்கும் லிக்னினிலிருந்து வந்த பீனால்களும் எஞ்சிய சல்பைட்டும் வினைபொருளை ஒடுக்குவதைக் கழிக்க வழியில்லை. எங்கள் அறிக்கையிலும் இந்த எண், எச்பிஎல்சி காட்டிய கூட்டுத்தொகையைவிடக் கணிசமாகக் கூடுதலாகவே இருந்தது. இதைப் பற்றி அறிக்கையில் ஒரு வரிகூட எழுதாதது குறையே.

எண் சரியாகவே இருந்தாலும் எங்களுக்கு அது போதாது. ஊசியிலை மரக் கழிவுநீரில் ஈஸ்ட் நொதிக்கவைக்கும் மானோஸ் என்ற சர்க்கரை மிகுதி. ஸ்வீடனில் 1909 முதல் அதிலிருந்து எரிசாராயம் எடுத்திருக்கிறார்கள். சவுக்கு போன்ற வன்மரத்தில் மேலோங்கி நிற்பது சைலோஸ் என்ற சர்க்கரை, அதையோ சாதாரண ரொட்டி ஈஸ்ட் தொடுவதில்லை. ஆகவே ஒவ்வொரு சர்க்கரையும் தனித்தனியே தெரிந்தாக வேண்டும்.

எச்பிஎல்சி பிரிவில் முதலில் கேட்க வேண்டியது எந்தக் 'காலம்' (column, சர்க்கரைகளைப் பிரிக்கும் குழாய்) என்பது. ஹைட்ரஜன் வகைக் காலத்தில் சைலோஸ், மானோஸ், காலக்டோஸ் மூன்றும் ஒரே உச்சியாக (வரைபடத்தில் ஒரே மேடாக) வெளிவரும்; இங்கு அவற்றைப் பிரித்துக் காட்டும் ஈய வகைக் காலம் இருக்கிறது. மாதிரியைக் கால்சியம் கார்பனேட்டால் நடுநிலைப்படுத்தி, 0.2 மைக்ரான் வடிகட்டியில் செலுத்திய பிறகே உட்செலுத்துகிறார்கள். உடையாமல் கிடக்கும் சங்கிலிச் சர்க்கரைகளுக்காக, கேட்டால், மாதிரியின் ஒரு பகுதியை 4 சதவீதக் கந்தக அமிலத்தில் 121 டிகிரியில் ஒரு மணிநேரம் வைத்து மறுபடி அளக்கிறார்கள். அந்தச் சூட்டில் சைலோஸில் ஒரு பகுதி பர்பியூரால் என்ற வேறு சேர்மமாகச் சிதைவதால், அளவு தெரிந்த சர்க்கரையையும் அதே முறையில் கூடவே வேகவைத்து இழப்பைத் திருத்துகிறார்கள். பல இடங்களில் விட்டுவிடும் வேலை இது.

உச்சிகளைக் காட்டும் வரைபடங்களான குரோமடோகிராம் தாள்களைக் கேட்காமலேயே இணைத்துத் தந்தார்கள். சைலோஸ் உச்சி அதில் தெளிவாகத் தனித்து நின்றது. ஐயம் கேட்டபோது வேதியியலாளர் அம்மையார் பொறுமையாக விளக்கினார். வரவேற்பு மேசையில் அந்தப் பொறுமை இல்லை. முடிவை லிட்டருக்கு இத்தனை கிராம் என்று மட்டுமே தருகிறார்கள். உலர் திண்மத்தின் சதவீதமாக வேண்டுவோர் அதை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுவது நல்லது, பிறகு கேட்டால் தனிக் கட்டணம். கடலூரிலிருந்து மாதிரி கொண்டுசெல்பவர்கள் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் காலையிலேயே சேர்த்துவிட வேண்டும், பிற்பகலில் வாங்குவதில்லை.