உப்புவெளி விடுதியில் இணையத் தொலைபேசி: சில வருடப் பாவனைக்குப் பிறகு

திருகோணமலை உப்புவெளியில் நாங்கள் நடத்தும் சின்ன விடுதிக்கு இணையவழித் தொலைபேசி போட்டுச் சில வருடங்களாகிறது. மே முதல் செப்டம்பர் வரை எங்களுக்குச் சீசன். புறாத்தீவுப் படகு, கோணேசர் கோயில், அறை வாடகை என்று கேட்டு 026 இலக்கத்துக்கு அழைப்பு வந்தபடியே இருக்கும். ஒரு அழைப்பு தவறினால் ஒரு அறை போன மாதிரித்தான். இந்தத் துறையில் புழங்கும் பெயர்களை விளங்கிக்கொண்ட பிறகுதான், காசு கொடுத்த பொருள் ஒழுங்காக வேலை செய்யத் தொடங்கியது.

முதலில் சிப் (SIP), அழைப்பை ஏற்படுத்தும் இணைய விதிமுறை. இரண்டு முனைகளையும் கண்டுபிடித்து, மணியடித்து, அழைப்பைத் தொடக்கி முடித்துவைப்பது மட்டும்தான் இதன் வேலை. குரலைக் கொண்டுபோவது ஆர்டிபி என்ற வேறொன்று. தரகர் பொருத்தம் பேசிவிட்டு விலகிக்கொள்வதைப் போல, சிப் ஒதுங்கியதும் ஆர்டிபி கதையைச் சுமக்கும். இந்த வித்தியாசம் தெரிந்தால் பாதிப் பிரச்சினைகளுக்குக் காரணம் பிடிபடும்.

எங்களுக்கு வந்தது ஒருபக்கச் சத்தம். மணி அடிக்கும், எடுப்போம், நாங்கள் பேசுவது அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் பேசுவது எங்களுக்குக் கேட்காது. பூட்டித் தந்தவர்கள் போன் செட்டையே மாற்றச் சொன்னார்கள். மணி அடிக்கிறதென்றால் சிப் சரி. அப்படியானால் குரல் வரும் வழியில்தான் தடங்கல். விடுதிக்குள் இருக்கும் கருவிகளுக்கு உள்முகவரிதான் உண்டு. வெளியே போகும்போது ரவுட்டர் அதைப் பொதுமுகவரியாக மாற்றுகிறது. இதைத்தான் நாட் என்கிறார்கள். போன் தன் உள்முகவரியை எழுதி "குரலை இங்கே அனுப்பு" என்று சொன்னால், மறுமுனையால் அந்த முகவரிக்கு எதையும் அனுப்ப முடியாது. இதைச் சரிசெய்யவென்றே பல ரவுட்டர்களில் சிப் ஏஎல்ஜி என்றொரு வசதி இருக்கிறது. ஆனால் பல இடங்களில் அதுவேதான் முகவரியைக் குழப்பிவிடுகிறது. வேறொரு கடையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் வந்து, "அண்ணன், செட்டில ஒரு பிழையும் இல்ல, இத நிப்பாட்டிப் பாப்பம்" என்று அதை அணைத்தார். அன்றே இரண்டு பக்கமும் கேட்டது.

அடுத்தது ஜிட்டர். குரலைப் பெரும்பாலும் 20 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டி அனுப்புகிறார்கள், அதாவது விநாடிக்கு 50 துண்டுகள். அவை சீராக வராமல் முன்னும் பின்னுமாக வந்தால் பேச்சு கரகரக்கும், சொற்கள் விழுங்கப்படும். லேட்டன்சி என்பது வேறு. அது மொத்தத் தாமதம், ஒரு பக்கத்துக்கு 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் இயல்பாகக் கதைக்கலாம். எங்களுக்கு இரவு எட்டு மணிக்கு மேல்தான் கரகரப்பு. விருந்தினர் எல்லோரும் வைஃபையில் வீடியோ பார்க்கும் நேரம் அது. இணைய வேகத்தைக் கூட்டச் சொல்லி விற்பனைக்காரர் வற்புறுத்தினார். ஆனால் ஜி.711 என்ற கோடெக்கில், அதாவது குரலை இணையத்தில் அனுப்பும்படி மாற்றும் முறையில், ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் விநாடிக்கு ஏறக்குறைய 90 கிலோபிட் போதும். தேவைப்பட்டது முன்னுரிமை, அதாவது கியூஓஎஸ். குரல் துண்டுகளை முதலில் விடும்படி ரவுட்டரில் அமைத்ததும் இரவுக் கரகரப்பு நின்றது. குரலை அதிகம் சுருக்கும் ஜி.729-ஐயும் போட்டுப் பார்த்தோம். வேகம் மிச்சம்தான், ஆனால் வயதானவர்களின் மெல்லிய குரல் தெளிவாக விளங்கவில்லை. மறுபடி ஜி.711 தான்.

பில்லில் கவனிக்க வேண்டியது சேனல். டிஐடி என்பது வெளியே இருப்பவர் அழைக்கும் இலக்கம். சேனல் என்பது ஒரே நேரத்தில் எத்தனை அழைப்பு ஓடலாம் என்ற கணக்கு. இலக்கங்களை எத்தனை வாங்கினாலும் சேனல் இரண்டே என்றால், மூன்றாவது ஆளுக்கு பிஸி ஒலிதான். யாரும் தெளிவாகச் சொல்லாத விஷயம் இன்னொன்று உண்டு. விடுதிக்கு வந்த அழைப்பை எங்கள் பிபிஎக்ஸ், அதாவது அழைப்புகளை உள்ளே பிரித்துவிடும் பெட்டி, கைத்தொலைபேசிக்குத் திருப்பினால் இரண்டு சேனல் போகும், உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று. நான் படகுத்துறையில் நின்று ஒருவரோடு கதைக்க, விடுதி இலக்கம் முழுவதும் பிஸியாகக் கிடந்தது இதனால்தான். சீசனுக்கு மட்டும் சேனல் கூட்டித் தருவார்களா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள்.

"ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" என்று சொல்லும் ஐவிஆர் எங்களைப் போன்ற சின்ன இடத்துக்குத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். அழைப்பவர் தேடுவது ஒரு மனிதக் குரலை. அதற்குப் பதிலாக ரிங் குரூப் வைத்தோம். வரவேற்பிலும் சமையலறையிலும் சேர்ந்து அடிக்கும், யார் எடுத்தாலும் சரி.

கரண்ட் போனால் எல்லாம் போகும். பழைய செம்புக் கம்பி இணைப்புக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது, இதற்கு அப்படி இல்லை. ஃபைபர் பெட்டி, ரவுட்டர், பிபிஎக்ஸ் மூன்றையும் யுபிஎஸ்ஸில் மாட்டியிருக்கிறோம். மாரி காலத்தில் அதுவும் தீர்ந்துபோகும் என்பதால், எங்கள் பக்கம் செத்துப்போனால் சேவை தருபவரின் பக்கத்திலேயே அழைப்பைக் கைத்தொலைபேசிக்குத் திருப்பும் ஃபெயில்ஓவரையும் கேட்டு வாங்கினோம்.

கடைசியாக, டோல் ஃப்ராட், அதாவது உங்கள் செலவில் பிறர் அழைக்கும் திருட்டு. சிப் வழக்கமாகப் பாவிக்கும் வாசலான 5060 போர்ட் இணையத்தில் எங்கே திறந்து கிடக்கிறதென்று இயந்திரங்கள் இராப்பகலாகத் தேடுகின்றன. எக்ஸ்டென்ஷன், அதாவது உள் இலக்கம், 101, கடவுச்சொல்லும் 101 என்று வைத்திருந்தால், நுழைந்து உங்கள் கணக்கில் விலை உயர்ந்த வெளிநாட்டு இலக்கங்களுக்கு அழைத்துத் தள்ளுவார்கள். நாங்கள் நீளமான கடவுச்சொல் வைத்து, சேவை தருபவரின் முகவரியைத் தவிர வேறெதற்கும் அந்தப் போர்ட்டைத் திறக்காமல் விட்டிருக்கிறோம். வெளிநாட்டுக்கு நாங்கள் அழைப்பது அபூர்வம், அதனால் டிரங்கிலேயே, அதாவது சேவை தருபவரோடுள்ள இணைப்பிலேயே, அதைப் பூட்டச் சொல்லிவிட்டோம்.