டாம்கேட்டில் தொலையும் செஷன்கள்: எட்டு ஆண்டுகளுக்கும் மேலான பயன்பாட்டு அனுபவம்

கல்லூரிகளுக்கான கட்டணம் செலுத்தும் இணையச் செயலி ஒன்றை 2016 முதல் அப்பாச்சி டாம்கேட்டில் (ஜாவாவில் எழுதிய இணையச் செயலிகளை இயக்கும் சர்வர் மென்பொருள்) நடத்திவருகிறேன். முதலில் 8.5 பதிப்பில் ஓடியது. 2020-இல் 9-க்கு மாற்றினேன். அதன் வேகத்தைப் பற்றியோ, நினைவகப் பயன்பாட்டைப் பற்றியோ குறைசொல்ல எனக்குப் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளில் எனக்கு வந்த புகார்களைக் கூட்டிப் பார்த்தால், பாதிக்கு மேல் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடும்: "லாகின் செய்தேன், மறுபடியும் லாகின் கேட்கிறது." இந்தப் பதிவு அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியதுதான்.

செஷன் என்பது, வந்திருக்கும் பயனர் யார், லாகின் செய்தவரா என்பதைக் கோரிக்கைகளுக்கு இடையே சர்வர் நினைவில் வைத்திருக்கும் பதிவு. பயனர் முதன்முறை வந்ததும் டாம்கேட் 16 பைட் நீளமுள்ள ஒரு தற்செயல் எண்ணை உருவாக்கி, அதை 32 ஹெக்ஸ் எழுத்துகளாக ஜேசெஷன்ஐடி என்ற குக்கீயில் (பிரவுசர் சேமித்துவைக்கும் சிறு தகவல்) வைத்து அனுப்புகிறது. அடுத்த கோரிக்கையில் பிரவுசர் அதைத் திருப்பிக் கொண்டுவந்தால் பழைய செஷன் கிடைக்கும். கொண்டுவராவிட்டாலோ, கொண்டுவந்த ஐடி டாம்கேட்டுக்குத் தெரியாததாக இருந்தாலோ, செயலி கேட்டதும் புதிய செஷன் ஒன்றை அது சத்தமில்லாமல் திறந்துகொள்ளும். இந்த மௌனம்தான் என் முதல் குறை. "தெரியாத ஐடி வந்தது" என்று லாகில் (சர்வர் எழுதும் பதிவுக் கோப்பில்) ஒரு வரிகூட இயல்பாக எழுதப்படுவதில்லை. எனவே சர்வர் பக்கம் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். பயனர் மட்டும் வெளியே நிற்பார்.

முதல் ஆண்டில் நான் செய்த பிழையை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதே பிழையைப் பிறகு வேறு சிலரிடமும் பார்த்தேன். செயலியை "ஃபீஸ்" என்ற பெயரில் நிறுவி, முன்னால் என்ஜின்எக்ஸை (கோரிக்கைகளை வாங்கி டாம்கேட்டுக்குக் கடத்தும் இடைநிலை சர்வர்) வைத்து, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாதபடி நேரடியாக டொமைனின் வேரிலேயே காட்டினேன். அன்றே புகார் வந்தது. செஷன் சீக்கிரம் காலாவதியாகிறது என்று முடிவுகட்டி, வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் இயல்பாக 30 நிமிடமாக இருந்த காலவரம்பை 120 ஆக உயர்த்தினேன். புகார் குறையவில்லை; அதற்குப் பதிலாக மாலைக்குள் நினைவகம் நிரம்பி சர்வரே நின்றுபோனது. மேலாண்மைப் பக்கத்தைத் திறந்து பார்த்தபோதுதான், நூறு பேர்கூடப் பயன்படுத்தாத செயலியில் பல்லாயிரம் செஷன்கள் திறந்திருப்பது தெரிந்தது. ஒவ்வொரு கிளிக்கும் ஒரு புதிய செஷனைத் திறந்து, அதை இரண்டு மணிநேரம் உயிரோடு வைத்திருந்திருக்கிறது.

பிரவுசரில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைப் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் காரணம் பிடிபட்டது. ஒவ்வொரு பதிலிலும் செட்-குக்கீ ஹெடர் (குக்கீயைச் சேமிக்கச் சொல்லும் தலைப்பு வரி) வந்துகொண்டிருந்தது. எந்தக் கோரிக்கையிலும் குக்கீ ஹெடர் போகவில்லை. டாம்கேட் தனக்குத் தெரிந்த பாதையையே குக்கீயின் பாத் மதிப்பாக எழுதியிருந்தது, அதாவது சாய்கோடு போட்டு "ஃபீஸ்". பயனரின் முகவரிப் பட்டையிலோ அப்படி ஒரு பாதையே இல்லை. பிரவுசர் குக்கீயைச் சேமித்து வைத்துக்கொண்டு, இந்த முகவரிக்கு உரியது அல்ல என்று அனுப்பாமல் இருந்தது. என்ஜின்எக்ஸில் ப்ராக்ஸி_குக்கீ_பாத் என்ற கட்டளையால் அந்தப் பாதையை வேராக மாற்றலாம் என்று படித்து, எடுத்துக்காட்டில் இருந்தபடியே பெயருக்கு இருபுறமும் சாய்கோடு போட்டு எழுதினேன். மாற்றம் நிகழவில்லை. டாம்கேட் அனுப்பிய பாதையின் கடைசியில் சாய்கோடு கிடையாது, என் கட்டளையில் இருந்தது, இரண்டும் பொருந்தவில்லை. அந்த ஒரு குறியை நீக்கியதும் எல்லாம் சரியானது. பின்னாளில் செயலியை ரூட் (டொமைனின் வேரிலேயே காட்ட டாம்கேட் எடுத்துக்கொள்ளும் பெயர்) என்ற பெயரிலேயே நிறுவிவிட்டு, இந்தக் கட்டளையையும் தூக்கிவிட்டேன். உள்ளே ஒரு பாதை, வெளியே ஒரு பாதை என்று வைத்துக்கொள்ளாமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

அந்த அனுபவத்துக்குப் பிறகு டாம்கேட்டின் அணுகல் லாகில் இரண்டு பத்திகளைச் சேர்த்தேன். கோரிக்கையோடு வந்த ஜேசெஷன்ஐடி குக்கீயின் மதிப்பு ஒன்றில். அந்தக் கோரிக்கைக்கு டாம்கேட் எடுத்துக்கொண்ட செஷன் ஐடி மற்றொன்றில். முதல் பத்தியில் வெறும் கோடு இருந்தால் பிரவுசர் குக்கீயை அனுப்பவில்லை. இரண்டிலும் வெவ்வேறு ஐடிகள் இருந்தால், வந்த ஐடி இந்த சர்வருக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்தும் பயனர் வெளியேற்றப்பட்டால், குற்றம் எங்கள் நிரலில் இருக்கிறது. இதன்பின் எந்தப் புகாருக்கும் முதலில் இந்த லாகைத்தான் திறக்கிறேன். ஒரு எச்சரிக்கை: உயிரோடு இருக்கும் செஷன் ஐடி என்பது வீட்டுச் சாவியைப் போன்றது. அந்தக் கோப்பை யார் படித்தாலும் அந்தப் பயனராக உள்ளே நுழைய முடியும் என்பதால், சோதனை முடிந்ததும் பத்திகளை நீக்கிவிடுவதும், கோப்பின் அனுமதிகளை இறுக்கிவைப்பதும் அவசியம்.

இந்த லாகும் ஒருமுறை என்னை ஏமாற்றியது. லாகின் வெற்றிபெற்ற நொடியில் ஐடி மாறுவதைக் கண்டு, இதுவே பிழை என்று நினைத்து ஒரு நாள் முழுவதையும் வீணடித்தேன். பயனருக்கு முன்கூட்டியே ஒரு ஐடியைத் திணித்துவிட்டு, அவர் லாகின் செய்ததும் அதே ஐடியால் உள்ளே நுழையும் தாக்குதலைத் தடுப்பதற்காக, டாம்கேட் 7 முதல் இந்த மாற்றம் இயல்பாகவே நடக்கிறது. மென்பொருளுக்கு இதில் நல்ல மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

சேர்க்கைப் பருவக் கூட்டத்துக்காக இரண்டாவது சர்வரைச் சேர்த்தபோது வேறொரு வேடிக்கை நடந்தது. முதல் முறை லாகின் செய்தால் சிலருக்கு 408 பிழை (நேரம் முடிந்துவிட்டது என்ற பதில்) வரும். மீண்டும் முயன்றால் உள்ளே போய்விடும். பேலன்சராக, அதாவது கோரிக்கைகளை இரண்டு சர்வர்களுக்கும் பிரித்தனுப்ப, அப்பாச்சி ஹெச்டிடிபிடியை வைத்திருந்தோம். இப்படி அமைக்கும்போது ஒவ்வொரு டாம்கேட்டின் சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பிலும் ஜேவிஎம்ரூட் என்று ஒரு பெயர் கொடுக்க வேண்டும். அது செஷன் ஐடியின் கடைசியில் புள்ளிக்குப் பின் ஒட்டிக்கொள்ளும். பேலன்சர் அந்த வாலைப் பார்த்துத்தான் எந்த சர்வருக்கு அனுப்புவது என்று முடிவுசெய்யும். நான் முதல் சர்வரின் கோப்பை அப்படியே இரண்டாவதிற்கு நகலெடுத்தபோது பெயரை மாற்ற மறந்திருந்தேன். இரண்டாவது சர்வரில் லாகின் பக்கத்தைத் திறந்தவருக்கும் முதல் சர்வரின் வால் ஒட்டியதால், அவர் கடவுச்சொல்லை அனுப்பியதும் கோரிக்கை முதல் சர்வருக்குப் போனது. அங்கே அந்த ஐடியை யாருக்கும் தெரியாது.

எல்லாவற்றிலும் அதிகம் அலைக்கழித்தது 2020-இல் நடந்த பணம் செலுத்தும் பிரச்சினை. "சார், பணம் போயிடுச்சு, ஆனா லாகின் பக்கம்தான் திரும்பத் திரும்ப வருது" என்று பெற்றோர் அழைத்தார்கள். நாங்கள் சோதித்தபோது ஒருமுறைகூடத் தவறவில்லை. ஏப்ரலில் புகார்கள் தாமாகவே நின்றன. சரியாகிவிட்டது என்று கோப்பை மூடிவிட்டோம். ஜூலைக்குப் பிறகு மீண்டும் தொடங்கின.

அந்த ஆண்டு பிப்ரவரியில் வெளியான குரோம் 80, சேம்சைட் என்ற பண்பு (வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கையோடு குக்கீ போகலாமா என்று சொல்வது) குறிப்பிடப்படாத குக்கீகளை "லாக்ஸ்" (Lax, ஓரளவு தளர்வானது) என்று கருதத் தொடங்கியது. வேறொரு தளத்திலிருந்து போஸ்ட் முறையில் (படிவத்தை அனுப்புவதுபோல) வரும் கோரிக்கையோடு அத்தகைய குக்கீ அனுப்பப்படாது. பணம் செலுத்தும் தளமோ முடிவை போஸ்ட் முறையில்தான் எங்களுக்குத் திருப்பியனுப்பியது. ஆனால் பழைய தளங்கள் உடனே உடைந்துவிடாமல் இருக்க, உருவாகி இரண்டு நிமிடத்துக்குள் இருக்கும் குக்கீகளுக்கு மட்டும் குரோம் தற்காலிக விலக்கு அளித்திருந்தது. லாகின் செய்து, சோதனை அட்டை எண்ணை ஒட்டி, ஒரு நிமிடத்தில் முடித்துவிடும் எங்களுக்கு அந்த விலக்கு கிடைத்தது. அட்டையைத் தேடி எடுத்து, ஓடிபி வரும்வரை காத்திருந்த பெற்றோருக்குக் கிடைக்கவில்லை. கொரோனா காலத்தில் அத்தியாவசியத் தளங்கள் பாதிக்கப்படக் கூடாது என்று ஏப்ரலில் கூகுள் இந்த மாற்றத்தைத் திரும்பப்பெற்று ஜூலையில் மீண்டும் கொண்டுவந்ததால்தான் எங்கள் புகார்களும் அதே கணக்கில் நின்று தொடங்கியிருக்கின்றன.

டாம்கேட் 9.0.21 முதல், 8.5 வரிசையில் 8.5.42 முதல், குக்கீப்ராசசர் அமைப்பில் சேம்சைட் மதிப்பைக் கொடுக்கும் வசதி இருக்கிறது. "நன்" (None, கட்டுப்பாடு இல்லை) என்று வைத்து, செக்யூர் கொடியையும் (ஹெச்டிடிபிஎஸ் இணைப்பில் மட்டும் அனுப்பு என்ற குறி) சேர்த்தால் குரோமில் வேலை முடிந்துவிடும். ஆனால் ஐஓஎஸ் 12-இல் இருந்த ஒரு பிழை "நன்" என்பதை "ஸ்ட்ரிக்ட்" (Strict, முழுக் கட்டுப்பாடு) என்று எடுத்துக்கொள்ளும். பழைய ஐபோன்களில் இருந்த கொஞ்சம் பேரும் அப்போது வெளியே தள்ளப்பட்டிருப்பார்கள். எனவே பணம் திரும்பிவரும் பக்கத்தையே மாற்றி எழுதினோம். அது செஷனைத் தொடாமல் ஆர்டர் எண்ணையும் கையொப்பத்தையும் மட்டும் சரிபார்த்து, 303 கொடுத்து முடிவுப் பக்கத்துக்கு அனுப்பும். அந்த கெட் கோரிக்கையோடு (பக்கத்தைக் கேட்டு வாங்கும் சாதாரண முறை) குக்கீ வழக்கம்போல் வந்துவிடும். இதிலும் ஒரு கண்ணி இருந்தது. அந்தப் பக்கம் ஜேஎஸ்பியில் (ஹெச்டிஎம்எல்லுக்குள் ஜாவா எழுதும் முறை) இருந்தது. ஜேஎஸ்பி பக்கங்கள், வேண்டாம் என்று தலைப்பில் சொல்லாவிட்டால், தாமாகவே செஷனைத் திறக்கும். அப்படித் திறந்த வெற்றுச் செஷனின் குக்கீ, பெற்றோரின் பழைய குக்கீயின் மேல் எழுதிவிடும். செஷன் என்ற பண்பை ஃபால்ஸ் என்று வைத்த பிறகே எல்லாம் அடங்கியது.

சிறு தொல்லைகளும் உண்டு. ஒரே கணினியில் இரண்டு போர்ட்டுகளில் இரண்டு டாம்கேட்டுகளை ஓடவிட்டால், குக்கீக்குப் போர்ட் வேறுபாடு தெரியாது என்பதால், ஒன்றில் லாகின் செய்தால் மற்றொன்றிலிருந்து வெளியேறிவிடுவீர்கள். ஒன்றின் குக்கீப் பெயரை மாற்றினால் போதும். பழைய லினக்ஸ் மெய்நிகர் கணினிகளில் தற்செயல் எண்ணுக்காகக் காத்திருந்து டாம்கேட் எழுவதற்கே பல நிமிடங்கள் ஆகும். 2020-இல் வந்த லினக்ஸ் கெர்னல் (உட்கரு) 5.6-க்குப் பிறகு அதை நான் பார்க்கவில்லை. முறையாக நிறுத்தும்போது செஷன்களைக் கோப்பில் எழுதிவைத்து மறுபடியும் ஏற்றிக்கொள்ளும் வசதி 8.5, 9 இரண்டிலும் இயல்பாக இருந்தது. ஆனால் செஷனுக்குள் சீரியலைஸ் செய்ய (கோப்பில் எழுதும் வடிவத்துக்கு மாற்ற) முடியாத பொருளை வைத்திருந்தால் அந்தப் பொருள் மறுதொடக்கத்தில் காணாமல்போகும்.

இப்போது கையிலிருக்கும் புகார் ஒன்றுதான். ஒரு கல்லூரி எங்கள் பக்கத்தைத் தன் இணையதளத்துக்குள் ஐஃப்ரேமாகப் பதித்திருக்கிறது. லாகில் முதல் பத்தியில் வெறும் கோடு, குக்கீ வரவில்லை. ஐஃப்ரேமை எடுத்துவிட்டுச் சாதாரண இணைப்பாக மாற்றித் தரும்படி எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.