எண்ட்லெபூக்கா, பெயி-டனோவா? அம்மாவோடு போன இரண்டு மலைப் பூங்காக்கள்

அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று மாத விசாவில் பேர்ணுக்கு வந்திருந்தார். வயது 72, வலது முழங்காலில் தேய்மானம். யுங்ஃப்ராவ், டிட்லிஸ் எல்லாம் சுவிஸுக்கு வருகிற எல்லோரையும் நாங்கள் வழக்கமாகக் கூட்டிக்கொண்டு போகிற இடங்கள். அம்மா கேட்டது வேறு. "பனி பார்த்தது போதும் மோனை, மாடு கன்றோட சனம் இருக்கிற மலை ஒன்று காட்டு" என்றார். அதனால் ஜூன் மாதத்தில் அடுத்தடுத்த இரண்டு வார இறுதிகளில், முதலில் லுட்சேர்ன் மாநிலத்து எண்ட்லெபூக்குக்கும், அப்புறம் வோ மாநிலத்துப் பெயி-டனோவுக்கும் போனோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், ஆறு வயது மகன், அம்மா. இன்னொரு முறை அம்மா வந்தால் கூட்டிப்போவது பெயி-டனோவுக்குத்தான். ஏன் என்று சொல்கிறேன்.

இங்கே இயற்கைப் பூங்கா என்றால் வேலி போட்ட காடு என்று நினைக்க வேண்டாம். மனிதன் கைவைக்கக் கூடாது என்று ஒதுக்கிய தேசியப் பூங்கா சுவிஸில் ஒன்றே ஒன்றுதான், 1914இல் தொடங்கியது. மற்றவை பெரும்பாலும் ஆட்கள் குடியிருந்து, மாடு வளர்த்து, புல் வெட்டுகிற ஊர்கள். அந்த வாழ்க்கையையும் நிலத்தையும் சேர்த்தே காப்பாற்றுவதுதான் நோக்கம். எண்ட்லெபூக் 2001இல் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. பெயி-டனோ, பக்கத்துக் கிரூயேர் பகுதியோடு சேர்ந்து பிராந்திய இயற்கைப் பூங்காவாக இருக்கிறது.

பேர்ணிலிருந்து தூரம் பார்த்தால் எண்ட்லெபூக்தான் கிட்ட. லுட்சேர்ன் போகும் ரயிலில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் எண்ட்லெபூக்கின் ஷூப்ஃப்ஹைம் ஊர். பெயி-டனோவுக்கு ஷ்பீட்ஸ், ட்ஸ்வைசிம்மன் என்று மாறி மாறிப் போக இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. எண்ட்லெபூக்கில் ஜெர்மன், பெயி-டனோவில் பிரெஞ்சு. செலவு இரண்டிலும் சுவிஸ் செலவுதான். பேர்ணுக்கு இன்னும் பக்கத்தில் கான்ட்ரிஷ் இயற்கைப் பூங்கா இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது பின்னேரம் போய் நட்சத்திரம் பார்த்துவிட்டு வரவே நல்ல இடம். ஆனால் நாங்கள் அங்கே ஒரு இரவுகூடத் தங்கியதில்லை, அதனால் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

பிள்ளைகளைக் கேட்டால் எண்ட்லெபூக் என்றுதான் சொல்வார்கள். சோரன்பெர்க் என்ற ஊரிலிருந்து கோண்டோலாவில் ரோஸ்வைட்டுக்கு ஏறினால், மேலே மூராகுலம் என்று சதுப்பு நிலத்தையே கருவாக வைத்துக் கட்டிய விளையாட்டிடம். இருவரும் இரண்டு மணி நேரம் அங்கிருந்து அசையவில்லை. நாப்ஃப் மலை ஓடைகளில் தட்டை வைத்துப் பொன் அரிக்கலாம் என்று கேள்விப்பட்டதும், அடுத்த முறை அதற்கென்றே வர வேண்டும் என்று மகன் சத்தியம் வாங்கிக்கொண்டான். ரோமூஸ் பக்கம் இன்றும் விறகை அடுக்கி மண்ணால் மூடி மூட்டம் போட்டுக் கரி சுடுகிறார்கள். எங்களுக்கு அங்கே போக நேரம் கிடைக்கவில்லை.

எனக்குப் பிடித்தது சதுப்பு நிலம்தான். மரப்பலகைப் பாதையில் குனிந்து பார்த்தால், பச்சையும் சிவப்புமான பாசி மெத்தைக்கு நடுவே ஒரு சின்னச் செடி. இலை சட்டை பொத்தான் அளவு, அதன் ஓரமெல்லாம் சிவப்பு மயிர், ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு துளி பசை. ஒரு கொசு அதில் ஒட்டிக் கால் உதறிக்கொண்டிருந்தது. அம்மா பார்த்த உடனே "இது அழுகண்ணியெல்லோ" என்றார். அதே குடும்பம்தான், இனம் வேறு. ஊரில் மருந்துக்குத் தேடிய செடியின் சொந்தத்தை ஆல்ப்ஸ் மலையில் கண்டுபிடித்ததில் அவருக்கு வந்த சந்தோஷம் அந்தப் பயணத்துக்கே போதும்.

இந்தச் சதுப்புகள் இன்றைக்கு இருப்பதற்கு ஒரு வாக்கெடுப்பும் காரணம். ரோத்தன்துர்ம் என்ற ஊரின் சதுப்பில் இராணுவப் பயிற்சி இடம் கட்டத் திட்டம் போட்டபோது எதிர்ப்பு கிளம்பி, 1987 டிசம்பர் 6ஆம் தேதி நாடு முழுக்க வாக்களித்துச் சதுப்பு நிலங்களுக்கு அரசியலமைப்பிலேயே பாதுகாப்புக் கொடுத்தார்கள். அதனால்தான் பலகையை விட்டு இறங்காதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்கிறார்கள்.

ஆனால் சதுப்பு இருக்கிற இடம் என்றால் மழை பெய்கிற இடம், பெய்த தண்ணீர் கீழே இறங்காத மண். நாங்கள் போன இரண்டு நாளும் நனைந்தோம். சாப்பாடு அதை ஓரளவு ஈடுகட்டியது. எல்ப்ளர்மக்ரோனன் என்று மக்ரோனியும் உருளைக்கிழங்கும் கிரீமும் சீஸும் சேர்த்து, மேலே பொரித்த வெங்காயம் போட்டுத் தருவார்கள். கூடவே ஒரு கிண்ணம் ஆப்பிள் மசியல். உப்புச் சாப்பாட்டோடு இனிப்பா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பிட்டோடு மாம்பழம் சாப்பிட்டு வளர்ந்த நமக்கு அது புதிதே இல்லை. பன்றி இறைச்சித் துண்டு சேர்ப்பது வழக்கம், வேண்டாம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மார்பாக் ஊரில் எருமைப் பாலில் மொட்சரெல்லா செய்கிறார்கள். சுவிஸ் மலையில் எருமையா என்று ஆச்சரியப்பட்டேன், வாங்கிச் சாப்பிட்டதும் இன்னும் ஆச்சரியம்.

சரி, இவ்வளவு நல்ல இடத்தை ஏன் இரண்டாவதாக வைக்கிறேன்?

வயதானவரோடு மலைக்குப் போகும்போது எவ்வளவு தூரம் நடப்பார் என்று யோசிப்பதைவிட, எந்த இடத்தில் நிறுத்தினாலும் திரும்ப வழி இருக்கிறதா என்று யோசிப்பதுதான் முக்கியம். இதை நான் எண்ட்லெபூக்கில் கற்றுக்கொண்டேன். அங்கே ரயில் பெரிய பள்ளத்தாக்கோடு லுட்சேர்ன் பக்கம் போய்விடுகிறது. சோரன்பெர்க் இருப்பது பக்கப் பள்ளத்தாக்கின் மேல்கோடியில், மஞ்சள் போஸ்ட் பஸ்ஸை நம்பித்தான் போக வேண்டும். நடைபாதைக்குள் இறங்கிவிட்டால் மறுமுனைக்கு வரும் வரை வேறு வழி இல்லை. இரண்டாம் நாள் பாதி வழியில் அம்மாவுக்குக் கால் இழுத்துப் பிடித்தது. முன்னால் போனாலும் பின்னால் போனாலும் அதே தூரம். என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல வந்து சேர்ந்தபோது பஸ் போய் ஐந்து நிமிடம். அடுத்த பஸ் வரும் வரை ஒரு மாட்டுத் தொழுவத்தின் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கி நின்றோம். அம்மா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பெயி-டனோவில் கதையே வேறு. மொந்த்ரோவிலிருந்து வரும் குறுகிய பாதை ரயில் 1905இலேயே ட்ஸ்வைசிம்மன் வரை வந்துவிட்டது. அது பள்ளத்தாக்கின் ஊர் ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டு போகிறது. ஷாட்டோ-டே என்ற ஊரிலிருந்து ரூஷ்மோன் வரை சரீன் ஆற்றை ஒட்டி நடக்கலாம், ஏழெட்டு கிலோமீட்டர். இரண்டு ஊரும் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம், ஆகவே நடுவில் சின்ன ஏற்ற இறக்கங்கள்தான். முக்கியமான விஷயம், வழியில் ஃப்ளான்ட்ரு போல ஒரு கூரையும் ஒரு வாங்கும் மட்டும் உள்ள குட்டி நிலையங்கள் இருக்கின்றன. பொத்தானை அழுத்தினால் ரயில் நிற்கும், அழுத்தாவிட்டால் போய்விடும். பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்த சுற்றுலா ரயில் இங்கே நிற்காது, சாதாரண ரயிலைத்தான் பார்க்க வேண்டும்.

அம்மா ஃப்ளான்ட்ரு வரை நடந்தார். "போதும்" என்றார். மகள் பொத்தானை அழுத்தினாள். மனைவியும் அம்மாவும் ரயிலில் ரூஷ்மோன் போய்க் கோப்பி குடித்துக்கொண்டிருக்க, நானும் பிள்ளைகளும் மிச்சத்தை நடந்து போய்ச் சேர்ந்தோம். யாருக்காகவும் யாரும் காத்திருக்கவில்லை, யாரும் யாருக்கும் பாரமாகவில்லை. நடக்க முடிந்தவரும் முடியாதவரும் ஒரே நாளை ஒன்றாகக் கழிக்க இந்த ஒரு வசதி போதும். மலை உயரமா, காட்சி வடிவா என்பதெல்லாம் எனக்கு அதற்குப் பிறகுதான்.

அடுத்த நாள் லெட்டிவா. பெயி-டனோவின் பெரிய பெயரே இந்த ஊரின் சீஸ்தான். 1930களில் கிரூயேர் சீஸுக்கு அரசு வைத்த விதிகள் தரத்தைக் கெடுக்கின்றன என்று சொல்லி, இங்குள்ள 76 குடும்பங்கள் அந்த ஏற்பாட்டை விட்டு வெளியேறின. 1932இல் சொந்தமாகக் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தங்கள் சீஸுக்கு ஊரின் பெயரையே வைத்தன. விதி இன்றும் கடுமைதான். மே 10 முதல் அக்டோபர் 10 வரை மட்டும், மலைக் குடிலில், காய்ச்சாத பாலில், செப்புப் பாத்திரத்தில், விறகு அடுப்பில்தான் செய்ய வேண்டும். கோடை ஏற ஏற மாடுகள் புல்லைத் தேடி மேலே மேலே உள்ள குடில்களுக்குப் போய்விடும். அதனால் ஏற முடியாதவர்களோடு போகிறவர்கள் ஜூன் தொடக்கத்தில் போங்கள். அப்போது மாடும் அடுப்பும் கீழ்க் குடில்களில் இருக்கும். நாங்கள் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போனதால், பஸ்ஸிலிருந்து இறங்கி இருபது நிமிட நடையில் ஒரு குடில் கிடைத்தது. அந்த பஸ் அடிக்கடி வராது, இங்கே மட்டும் நேரம் பார்த்தே ஆக வேண்டும்.

உள்ளே புகை, ஈர மரத்தின் வாசம், சுவரெல்லாம் கறுப்பு. செப்புக் கிடாரம் ஒரு மரக் கையில் தொங்குகிறது. பால் 57 டிகிரி வரை சூடேறியதும், சீஸ் செய்கிற மனிதர் அடுப்பைத் தொடவே இல்லை. மரக் கையைப் பிடித்து இழுத்து, கிடாரத்தையே நெருப்பிலிருந்து ஒதுக்கினார். "நெருப்பைத் தணிக்காமல் கிடாரத்தையே திருப்புறான் பார்" என்று அம்மா என் கையைச் சுரண்டினார். விறகு அடுப்பில் ஐம்பது வருடம் சமைத்தவருக்குத்தான் அந்தச் சூட்சுமம் உடனே பிடிபடும். அப்புறம் அந்த மனிதர் துணியின் ஒரு விளிம்பை வளையும் உலோகப் பட்டையில் சுற்றி, மறு விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, குனிந்து கிடாரத்தின் அடிவரை கையை விட்டு ஒரே வளைப்பில் தயிர்க்கட்டியை அள்ளினார். துணி மேலே வந்தபோது மோர்த்தண்ணீர் அருவி போல் கொட்டியது.

சைவக்காரருக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தப் பாலை உறைய வைப்பது கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரெனெட். சீஸ் செய்தவரின், கொஞ்சம் ஜெர்மன் தெரிந்த மனைவி இதை மறைக்காமல் சொன்னார். அம்மா கையில் எடுத்த துண்டை மெல்லத் தட்டில் வைத்துவிட்டார். பழைய மலைச் சீஸ் பலவற்றிலும் இதுதான் வழக்கம், ஆகவே எண்ட்லெபூக் போனாலும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கிரூயேர் பக்கத்தின் இரட்டை கிரீம், கரண்டி நட்டால் நிற்கும் அளவுக்குத் தடிப்பானது, அதற்குச் சிக்கல் இல்லை. வழக்கமாக முட்டை வெள்ளையில் செய்த மெரிங்கோடு தருவார்கள். அம்மாவுக்கு ஸ்ட்ராபெரியோடு வாங்கிக் கொடுத்தோம், கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். எனக்கோ சீஸ்தான். புகையும் புல்லும் கலந்த அந்த ருசியைக் கடைச் சீஸில் நான் கண்டதில்லை. வருடக்கணக்கில் உலரவிட்டுச் சுருள் சுருளாகச் சீவித் தரும் ரெபிப் என்ற வகையும் உண்டு, அதை ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன்.

நான் பார்த்தது ஜூன் மாதத்தை மட்டும். பனிச்சறுக்குக் காலத்தில் இரண்டுக்கும் போனதில்லை, ஆகவே அதற்கு என்னை நம்ப வேண்டாம். பெயி-டனோவில் எங்களுக்கு வெயில் கிடைத்தது, எண்ட்லெபூக்கில் மழை, அதுவும் என் தீர்ப்பில் கொஞ்சம் கலந்திருக்கும். கால் நன்றாக இருக்கிற, பிள்ளைகள் மட்டும் உள்ள குடும்பம் என்றால் நான் எண்ட்லெபூக்கையே சொல்வேன்.

ஷாட்டோ-டே கடை ஜன்னல்களில் கறுப்புக் காகிதத்தில் நுணுக்கமாக வெட்டிய படங்கள் பார்த்தோம். மாடுகள் வரிசையாக மலைக்கு ஏறுகிற காட்சி. அந்த ஏற்றத்துக்கு இந்தப் பக்கத்துப் பேச்சில் 'போயா' என்று பெயர். எங்களுக்கோ போயா என்றால் பௌர்ணமி விடுமுறை. அம்மா அந்தப் பெயரை மறக்காமல் வைத்திருந்தார். ஊருக்குப் போன பிறகு பேசும்போதெல்லாம், "மாடுகள் போயாவுக்கு ஏறிட்டுதோ மோனை?" என்று கேட்கிறார்.