ஸ்பீடிங் டிக்கெட்டும் கூகுள் ஸ்ட்ரீட் வியூவும்: 5-க்கு 3 மதிப்பெண்

இங்கிலாந்தில் வேக வரம்பை மீறியதாக ஸ்பீடிங் டிக்கெட் வந்ததும் பலர் திறப்பது, தெருக்களைப் படமாகக் காட்டும் கூகுள் ஸ்ட்ரீட் வியூவைத்தான். வாதாட இடம் இருக்கிறதா என்று வீட்டிலிருந்தே பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகத்தான் போதாது.

1984 சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டத்தின் 85(4) பிரிவு, தெருவிளக்கு வரிசை இல்லாத சாலையில் வேக வரம்பைப் பலகைகள் காட்டாவிட்டால் தண்டனை கூடாது என்கிறது. பிடிபட்ட இடத்தை எட்டுவதற்குள் ஓட்டுநருக்கு வரம்பு போதிய அளவு தெரியவந்திருக்க வேண்டும் என்றது 2006-இல் கூம்ப்ஸ் வழக்கின் தீர்ப்பு. ஆகவே ஸ்ட்ரீட் வியூவில் இடத்தைக் காட்ட இழுத்துவிடும் மஞ்சள் பொம்மையை வேகக் கேமராவின் காலடியில் இறக்காதீர்கள். அந்தச் சாலைக்குள் நீங்கள் திரும்பிய சந்தியில் இறக்கி, போன திசையிலேயே நகர்த்துங்கள். (கேமரா புதருக்குள் ஒளிந்திருந்தது என்பது வாதமே ஆகாது. தெரிய வேண்டியது பலகை.)

மணிக்கு 30 மைல் வரம்புள்ள சாலையா? முதலில் தெருவிளக்குகளை எண்ணுங்கள். கணினியில், வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்தால் தூரம் அளக்கலாம். விளக்குக்கு விளக்கு 200 கஜத்துக்கு, அதாவது 183 மீட்டருக்கு, மிகாமல் இருந்தால் அந்த 30 வரம்புக்கு விளக்குகளே அறிவிப்பு. நடுவில் பலகை இல்லையே என்ற பேச்சு எடுபடாது. வேல்ஸில் இதே விளக்கு வரிசைக்கு 17 செப்டம்பர் 2023 முதல் பொருள் 20 மைல்.

ஸ்ட்ரீட் வியூ ஏமாற்றுவது உயரத்தில். அதன் கேமரா கார் கூரைக்கு மேலே கம்பத்தில் இருக்கிறது. வேலிச்செடிக்குப் பின்னால் மறைந்த பலகை அதற்குப் பளிச்சென்று தெரியும், ஓட்டுநர் இருக்கையிலிருந்து இலைதான் தெரியும். அடுத்தது தேதி. திரையின் மூலையில் மாதமும் ஆண்டும் இருக்கும், பழைய படங்களையும் புரட்டலாம். மார்ச்சில் எடுத்த படத்தில் மொட்டைக் கிளை, உங்கள் டிக்கெட்டோ ஜூலையில். இரவில் பலகைக்கு வெளிச்சம் விழுந்ததா என்பதற்கு இதில் பதிலே கிடையாது.

குறையைக் கண்டதும், கவுன்சில் செடியை வெட்டுவதற்குள் நேரில் போய், நீங்கள் பிடிபட்ட அதே வேளையில், இருக்கை உயரத்திலிருந்து படமெடுங்கள். பலகைக்கு 100, 50, 20 மீட்டரில் ஒவ்வொன்று போதும்.

100 பவுண்டு அபராதம் கட்டினாலோ அதற்குப் பதிலான வேக விழிப்புணர்வு வகுப்புக்குப் போனாலோ விஷயம் அத்தோடு முடிந்தது, பிறகு பலகையைப் பற்றிப் பேச முடியாது. வாதாடுவதானாலும், யார் ஓட்டியது என்று கேட்கும் படிவத்தை 28 நாளுக்குள் அனுப்பியே ஆகவேண்டும். விட்டால் அதற்குத் தனியாக ஓட்டுநர் உரிமத்தில் 6 தண்டனைப் பாயின்ட், வேகத்துக்கு வழக்கமாக விழுவதைப்போல இரு மடங்கு.