நால்வருக்கும் ஒரே அட்டவணை: வீட்டுத் தனிமைப் பராமரிப்புத் திட்டம்

2021 மே மாதம், இரண்டாம் அலையில், எங்கள் வீட்டில் நால்வருக்கும் கொரோனா உறுதியானதும், சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனை நடத்திய 14 நாள் பராமரிப்புத் திட்டத்தில் சேர்ந்தோம். ஆக்சிமீட்டர், தெர்மாமீட்டர், மாத்திரைகள் அடங்கிய பை அன்று மாலையே வந்து சேர்ந்தது. தினமும் இருமுறை அழைத்த செவிலியர் பொறுமையாகப் பேசினார். இவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை அட்டவணையில்தான். 74 வயது அப்பாவுக்கும் 69 வயது அம்மாவுக்கும் எனக்கும் 17 வயது மகளுக்கும் அதே இரண்டு அழைப்புகள், அதே கேள்விகள், தலைக்கு அதே கட்டணம். படிவத்தில் வயதையும் பாலினத்தையும் கேட்டு வாங்கியவர்கள், அவற்றைக் கொண்டு எதையும் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. சீன நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020 பிப்ரவரியிலேயே, உறுதியான 44,672 நோயாளிகளை வைத்து வெளியிட்ட கணக்கில், இறப்பு மொத்தத்தில் 2.3 விழுக்காடு, எழுபதுகளில் இருந்தவர்களிடம் 8, எண்பதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் 14.8, ஆண்களிடம் 2.8, பெண்களிடம் 1.7. ஆண்கள் புகைபிடிப்பதுதான் காரணம் என்று அப்போது பலர் சொன்னார்கள்; எங்கள் அப்பா பீடியைத் தொட்டவரே அல்லர். அதே ஆண்டு இறுதிக்குள் வேறொன்றும் தெரியவந்தது: உயிருக்கு ஆபத்தான நிலையில் இருந்த 987 பேரில் 101 பேரின் உடலில், வைரஸைத் தடுக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தையே முடக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தன, அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள்.

ஐந்தாம் நாள் மாலை நான்கு மணிக்கு, சாய்வு நாற்காலியில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அப்பாவின் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினேன். இரத்த ஆக்சிஜன் 91 காட்டியது, இருக்க வேண்டியதைவிடக் குறைவு. “எனக்கு மூச்சு நல்லாத்தானே இருக்கு” என்று தாளைத் திருப்பினார். அடுத்த அழைப்புக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. அவசர எண்ணில் நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகே மருத்துவர் கிடைத்தார். ஆனால் கிடைத்தபின் தாமதமில்லை. அப்பாவைக் குப்புறப் படுக்க வைக்கச் சொல்லிவிட்டு, அன்றிரவே படுக்கைக்கு ஏற்பாடு செய்தார். ஒன்பது நாளில் அப்பா வீடு திரும்பினார். அவரைப் போலவே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உள்ள அம்மாவுக்கோ இரண்டு நாள் காய்ச்சலோடு சரி. (ஒரு வீட்டுக் கதை சான்றாகாது என்பது தெரியும்.)

முதியவர்களை மட்டும் கவனித்தால் போதும் என்றும் சொல்லவில்லை. 1918 இன்ஃபுளுவென்சா இருபது முதல் நாற்பது வயதினரையே பெருமளவில் கொண்டுபோனது. எந்த வைரஸ் யாரைத் தாக்குகிறதோ, அதற்கேற்ப அட்டவணை மாற வேண்டும்.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண். இளையவர்கள் மட்டும் உள்ள வீட்டுக்கு இத்திட்டம் போதும். வயதான ஆண் இருந்தால், அழைப்புக்குக் காத்திராமல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்களே அளந்து எழுதி வையுங்கள்.