கிரேக்கமா, எபிரேயமா?

இறையியல் பட்டம் வாங்கிய கையோடு பலர் மூட்டைகட்டி வைத்துவிடும் பைபிளின் மூல மொழிகள் இவை. மாலைப் பொழுதுபோக்காக ஒன்றையாவது தொடர நினைப்பவர் எதை எடுப்பது?

கிரேக்கத்துக்கு 24 எழுத்துகள். புதிய ஏற்பாடு எழுதப்பட்டது இதில்தான். அதிலுள்ள யோவானின் முதல் நிருபம் (கடிதம்) எளிய நடை, தட்டுத்தடுமாறியாவது வாசித்துவிடலாம். எபிரேயருக்கு எழுதிய நிருபத்தில்தான் மூச்சு முட்டும்.

எபிரேயம் வலமிருந்து இடமாக ஓடும். 22 எழுத்துகளும் மெய்யெழுத்துகள். உயிரொலிகள் புள்ளியும் கோடுமாகப் பெரும்பாலும் எழுத்துக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். குலுங்கும் பஸ்ஸில் பொடி அச்சைப் பிடித்தால் இரண்டு புள்ளியா மூன்றா என்றே தெரியாது. ஆனால் பழைய ஏற்பாட்டின் யோனா நூலில் வரும் 4 அதிகாரங்கள்! புயல், மீன், ஆமணக்கு, கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தீர்க்கதரிசி எனக் கதை விறுவிறுவென இழுத்துப் போகும்.

வாராவாரம் புதிய ஏற்பாட்டிலிருந்து பிரசங்கம் செய்பவருக்குக் கிரேக்கம். வேலை முடிந்து கதை கேட்க ஆசைப்படும் என் போன்றவர்களுக்கு எபிரேயம்தான்.