டயலொக் பங்கா, வங்கி வைப்பா? கையில் மிஞ்சிய காசுக்கு எது தோது

பெரும்போக வெள்ளாமை வெட்டி, உரக்கடைக் கணக்கையும் மெசின் கூலியையும் தீர்த்த பிறகு இரண்டு இலட்சம் மிஞ்சினால், மட்டக்களப்பில் அது வங்கிக்குப் போகும், இல்லாவிட்டால் நகையாகும். இப்போது வீட்டில் வளர்ந்த பிள்ளைகள், கைபேசிக் கம்பனியான டயலொக்கின் பங்கைக் காட்டி, இன்னொன்று சொல்கிறார்கள்: "சந்தை விழுற நேரம் பார்த்து டயலொக் வாங்கிப் போட்டுட்டுப் பத்து வருசத்துக்குத் தொடாதீங்க."

பத்து வருடம் வைத்தால் ஏறியே தீரும் என்பதை நான் ஏற்கமாட்டேன். 2005இல் டயலொக் பொதுமக்களுக்கு ஒரு பங்கை 12 ரூபாவுக்கு விற்றது. 2022 முடியும்போதும் அந்தப் பங்கு 12 ரூபாவுக்குக் கீழேதான் கைமாறியது. இடையில் கைபேசி இல்லாத வீடே இல்லை என்றாகிவிட்டது. தொழில் வளர்ந்தது, பங்கு வளரவில்லை. கணினி வலையமைப்புக் கருவி செய்யும் அமெரிக்காவின் சிஸ்கோவும் 2000இல் தொட்ட உச்ச விலையை 20 ஆண்டு கழிந்தும் எட்டியிருக்கவில்லை.

டயலொக்குக்கு 2022 ஏன் அவ்வளவு வலித்தது? வாழைச்சேனையில் ஒருவர் போடும் 100 ரூபா ரீலோட் ரூபாவாகத்தான் கம்பனிக்குப் போகிறது. கோபுரத்தில் பூட்டும் கருவிக்கும், வாங்கிய வெளிநாட்டுக் கடனுக்கும் டொலர் வேண்டும். அந்த ஆண்டு மார்ச்சில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்ட, கம்பனி அவ்வருடத்தை நட்டத்தில் முடித்தது. ஆனாலும் அந்தக் குழப்பத்தில் துணிந்து வாங்கியவர் பிழைத்துக்கொண்டார்: 2025 முடிவதற்குள் விலை 12ஐத் தாண்டிவிட்டது. 2005இல் வாங்கியவர் காத்திருந்த காலத்தோடு இதை வைத்துப் பாருங்கள். எத்தனை வருடம் வைத்தோம் என்பதைவிட என்ன விலைக்கு வாங்கினோம் என்பதே பெரிது.

இதே தொழிலில் உள்ள ஸ்ரீலங்கா ரெலிகொம் பங்கும் இருக்கிறது. அதில் 49.5 வீதம் அரசிடம். விற்பதா வைப்பதா என்ற அரசியல் பேச்சோடு சேர்ந்து விலையும் ஆடும்.

நிலையான வைப்பில் முதலுக்குப் பயமில்லை. ஒருவருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் வரை வைப்புக் காப்புறுதி உண்டு. ஆனால் 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதம்; 20 வீதத்துக்கு மேல் வட்டி வாங்கியவருக்கும் அரிசி மூடை எட்டாமல் போனது. அதே உயர்ந்த வட்டியில் நீண்ட தவணைக்குப் போட்டவர்களோ, அடுத்த வருடம் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியதும் நல்ல இலாபம் கண்டார்கள். காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் மார்க்கப்படி வட்டியே வேண்டாம் என்பவர்கள், வட்டிக்குப் பதில் இலாபத்தில் பங்கு தரும் இலாபப் பங்கு வைப்பைத்தான் பங்கோடு ஒப்பிட வேண்டும்.

அவசரத்துக்கு எது உதவும்? வைப்பை வட்டி குறைந்தாலும் இடையில் உடைக்கலாம். பங்கைச் சந்தை திறந்திருந்தால்தான் விற்கலாம். 2022 ஏப்ரல் 18இலிருந்து ஐந்து வேலைநாள் கொழும்புப் பங்குச் சந்தையையே மூடினார்கள். அந்தக் கிழமை ஆஸ்பத்திரிச் செலவு வந்தவருக்குப் பங்கு வெறும் எண்தான்.

ஆகவே அடுத்த விதைப்புக்கும் உரத்துக்கும் வேண்டிய காசு வைப்பிலேயே இருக்கட்டும். பத்து வருடத்துக்குத் தேவைப்படாத காசு இருந்தால் டயலொக்கையே தெரிவுசெய்வேன், ஆனால் ஒரே நாளில் அல்ல. ஒவ்வொரு அறுவடைக்கும் கொஞ்சமாக. வாங்குமுன் கம்பனியின் காலாண்டு அறிக்கையில் டொலர்க் கடன் கூடுகிறதா குறைகிறதா என்று பிள்ளையிடமே கேளுங்கள். அறிக்கை பங்குச் சந்தையின் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கும்.